பாலையைப் படைத்த புழு

மண்புழு உழவனின் நண்பன் என்பது நாம் பள்ளியிலேயே கற்ற பாடம். சார்லஸ் டார்வின் 1881இல் வெளியிட்ட தமது கடைசி நூலை அந்தப் புழுக்களுக்கே ஒதுக்கினார். நாம் உழும் மேல்மண் அவற்றின் குடல்வழியே பலமுறை சென்று மீண்ட மண் என்பது அதன் சாரம். தான் வாழும் இடத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் உயிர் அது. இதே கருத்தைத் தலைகீழாக நிறுத்தினாற்போன்ற மற்றொரு புழு 1965இல் புனைகதை உலகில் பிறந்தது. அது வளமண்ணை ஆக்குவதில்லை, பாலையை ஆக்குகிறது. ஃப்ராங்க் ஹெர்பர்ட் எழுதிய 'ட்யூன்' நாவலின் மணற்புழுவையே குறிப்பிடுகிறோம்.

இப்புழுவின் வரலாறு அமெரிக்காவின் ஒரேகான் மாநிலக் கடற்கரையில் தொடங்குகிறது. அங்கே ஃப்ளாரன்ஸ் என்னும் சிற்றூரை ஒட்டி, நகரும் மணற்குன்றுகள் சாலைகளையும் வீடுகளையும் மூடிவந்தன. அமெரிக்க வேளாண்துறை அக்குன்றுகளில் புல் நட்டு மணலைக் கட்டிப்போட முயன்றது. பத்திரிகையாளராக இருந்த ஹெர்பர்ட் 1957இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சென்றார். கட்டுரை வெளிவரவில்லை, ஆனால் திரட்டிய செய்திகள் வளர்ந்துகொண்டே போயின. 1963 முதல் 1965 வரை 'அனலாக்' இதழில் இரு தொடர்களாக வந்த கதையை 20க்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் நூலாக்க மறுத்தன. கடைசியில் வெளியிட்டது, கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பெயர்பெற்ற சில்டன் நிறுவனம். வறண்ட நிலச் சூழலியலாளர்களுக்கே ஹெர்பர்ட் நூலைக் காணிக்கையாக்கினார்.

அர்ராகிஸ் என்னும் பாலைக்கோளில் வாழும் அப்புழு 400 மீட்டருக்கு மேலும் நீளக்கூடியது. சீரான அதிர்வு எங்கே எழுந்தாலும் மணலுக்கடியில் விரைந்து வரும். ஆகவே, அங்கு வாழும் ஃப்ரெமன் மக்கள் தாளம் தப்பிய நடையிலேயே மணலைக் கடக்கின்றனர். புழுவின் மேல் ஏறிச் செல்லவும் அவர்கள் அறிவர். உடல் வளையம் ஒன்றின் விளிம்பைக் கொக்கியால் நெம்பித் திறந்துவிட்டால், உள்ளே மணல் புகுந்துவிடும் என்று அஞ்சிப் புழு மண்ணுக்குள் இறங்காது. விலங்கின் இயல்பை உற்றறிந்த மக்களின் அறிவு இது.

இவ்வுயிரின் வாழ்க்கைச் சுழற்சி இன்னும் நுட்பமானது. புழுவின் இளம்பருவ உயிரியை ஹெர்பர்ட் ஒரு நன்னீர் மீனின் பெயரால் அழைத்தார். நாம் மணற்கெண்டை என்று வைத்துக்கொள்வோம். நிலத்தடியில் நீர் எங்கிருந்தாலும் மணற்கெண்டைகள் அதைச் சூழ்ந்து அடைத்துவிடுகின்றன. அவற்றின் கழிவும் நீரும் கலந்து நொதித்து, வாயு பெருகி வெடித்து மேலே வருகின்றன. வெயிலும் காற்றும் பட்டு அதுவே விலைமதிப்பற்ற 'ஸ்பைஸ்' ஆகிறது. வெடிப்பில் தப்பிய சில மணற்கெண்டைகள் ஆறாண்டுகள் உறங்கி, மூன்று மீட்டர்ப் புழுக்களாக எழுகின்றன. வளர்ந்த புழுவுக்கோ நீர் நஞ்சு. தன்னைக் கொல்லும் நீரைத் தன் இளம்பருவத்தின் மூலமே சிறைவைக்கும் உயிர் இது. பயிரற்ற அக்கோளில் மூச்சுக்காற்றைத் தருவதும் இப்புழுதான்.

இங்கேதான் நாவலின் உண்மையான சிக்கல் எழுகிறது. ஃப்ரெமன் மக்களின் தலைமுறைக் கனவு, பாலையில் நீரோடச் செய்வது. அதற்காக மணற்குன்றுகளில் முதலில் அவர்கள் நடுவதும் புல்தான். ஃப்ளாரன்ஸில் கண்ட அதே வழிமுறை. ஆனால் நீர் பெருகினால் புழு சாகும். புழு செத்தால் ஸ்பைஸ் இல்லை. 1976இல் வந்த மூன்றாம் நாவலில் பசுமை பரவப் பரவப் புழுக்கள் பின்வாங்குகின்றன. மணற்கெண்டைகள் வேறெங்கிருந்தோ கொணரப்பட்டவை, அவை வருமுன் அர்ராகிஸில் நீர் இருந்தது என்பதும் அதில்தான் தெரியவருகிறது. வறண்ட நிலமா, பசுமை நிலமா, எது இயற்கையானது என்னும் கேள்விக்கு எளிய விடையை ஹெர்பர்ட் வழங்கவில்லை.

ஒரேகானில் வரலாறு இதே திசையில் சென்றது. மணலைக் கட்ட நடப்பட்ட ஐரோப்பியக் கடற்கரைப் புல் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேரூன்றியது. கடலோரத்தில் அது எழுப்பிய மேடு, உள்ளே மணல் வருவதைத் தடுத்தது. பின்னால் புதர்கள் மண்டின. திறந்த மணற்பரப்பு சுருங்கியது. வெறும் மணலில் முட்டையிடும் சிறு உப்புக்கொத்திப் பறவையினம் ஒன்று 1993இல் அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒரு துறை நட்ட புல்லை, பின்னாளில் அரசே இயந்திரம் கொண்டும் களைக்கொல்லி கொண்டும் அகற்ற வேண்டியதாயிற்று.

1957இல் அந்த நடவைக் கண்டவர்களுள் பெரும்பாலோர் அதை வெற்றியென்றே எண்ணியிருப்பர். மணலுக்கும் தனக்கே உரிய உயிர்கள் உண்டு, அவற்றுக்கு நம் பசுமையே பஞ்சமாகலாம் என்னும் எண்ணத்தை ஒரு கற்பனைப் புழுவின் வழியே வாசகரிடம் சேர்த்ததுதான் இந்நாவலின் பணி. தரிசு என்று பெயரிட்டு ஒரு நிலத்தைத் திருத்தப் புறப்படும் முன், அங்கே ஏற்கெனவே குடியிருப்பது யார் என்று கேட்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.