நரி உண்மையில் என்னதான் சாப்பிடுகிறது?

காக்காவிடம் இருந்து பறித்த வடை, எட்டாத திராட்சை, அப்புறம் ஊரில் காணாமல் போன கோழி. நரியின் சாப்பாடு பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதில் திராட்சைக் கதைதான் நிஜத்துக்கு ரொம்பப் பக்கம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ராத்திரியில் ஊளையிடும் நரி, பொன்னிற நரி. ஆங்கிலத்தில் ஜாக்கல். எடை சுமார் 8 முதல் 11 கிலோ. ஃபாக்ஸ் வேறு: 2, 3 கிலோ மட்டுமே இருக்கும், வால் நுனி கறுத்த இந்தியக் குள்ளநரி. இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. இரண்டையுமே குள்ளநரி என்று சொல்லும் ஊர்களும் உண்டு.

நரி என்ன தின்றது என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் அதன் எச்சத்தைச் சேகரித்து, அலசி, அதிலுள்ள முடி, எலும்பு, விதைகளைப் பிரிக்கிறார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் 136 எச்சங்களை இப்படிப் பார்த்தபோது, பாலூட்டிகள் 45%தான். தாவரம் 20%, பறவை 19%, ஊர்வனவும் பூச்சியும் தலா 8%. மத்தியப் பிரதேசத்தின் கன்ஹாவில் 1960களில் ஜார்ஜ் ஷாலர் செய்த ஆய்வில் எலி வகைகள், ஊர்வன, பழங்கள் மட்டுமே 80 சதவீதத்துக்கு மேல். சீசன் வந்துவிட்டால் இலந்தை, நாவல், களாக்காய் என்று பழமாகத் தின்று தீர்க்கும். கொன்றைக் காயையும் சீமைக்கருவேல நெற்றையும்கூட விடாது. விதைகள் எச்சத்தோடு வேறு இடத்தில் போய் விழுகின்றன.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எச்சத்தில் ஆட்டு முடி இருந்தால், நரி ஆட்டைத் தின்றது என்று மட்டும்தான் அர்த்தம். அடித்ததா, செத்து ஊருக்கு வெளியே வீசப்பட்டதைத் தின்றதா என்று முடி சொல்லாது. புலி விட்டுப்போன மிச்சத்துக்கும் இதே கதிதான். நரி வேட்டையே ஆடாது என்றில்லை. குஜராத்தின் வேளாவதரில் புதிதாகப் பிறந்த வெளிமான் குட்டிகளைத் தேடிப் பிடிக்கும். ஆனால் பெரும்பாலான நாட்களில் அதன் இரை வயல் எலி. விஷம் வைக்கும் விவசாயிக்கு நஷ்டம் எங்கே என்று நீங்களே கணக்குப் போடலாம்.

குள்ளநரியின் தட்டு இன்னும் சின்னது. கரையான், வண்டு, வெட்டுக்கிளி, தேள், வெள்ளெலி, பல்லி, தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை, கூடவே இலந்தையும் வேப்பம்பழமும். இதெல்லாம் கிடைப்பது வெட்டவெளிப் புல்வெளியில். அரசு ஆவணங்களில் அந்த நிலத்துக்குப் பெரும்பாலும் 'தரிசு' என்று பெயர். வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது சுலபம். 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டு விலங்குகளுமே முதல் அட்டவணையில் இருக்கின்றன. நிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அடுத்த பிரச்சினை நாய். மகாராஷ்டிரத்தின் நன்னாஜ் புல்வெளியில் அபி தமீம் வனக் செய்த ஆய்வுகளில் தெரிந்தது இது: நாய்கள் வாழ்வது பெரும்பாலும் மனிதர்கள் போடும் சாப்பாட்டிலும் செத்த கால்நடைகளிலும். குள்ளநரியோடு இரைக்குப் பெரிய போட்டியே இல்லை. இருந்தும் பக்கத்தில் நாய் இருந்தால், குள்ளநரி சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிடுகிறது. வெறிநோயும் டிஸ்டெம்பரும் நாயிடமிருந்து இவற்றுக்குத் தொற்றக்கூடியவை. செத்த மாட்டை ஊர் எல்லையில் போட்டால், நாயும் நரியும் ஒரே இடத்துக்குத்தான் வரும்.