வீட்டுத் தோட்டம் அமைத்தல்: நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான வழிகாட்டி

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், இரத்தசோகை ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோர், காய்கறியும் கீரையும் பழமும் கூடுதலாக உண்ண வேண்டும் என்ற அறிவுரையை மருத்துவரிடம் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஒருவர் நாள்தோறும் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழங்களை உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதில் ஒரு பகுதியை வீட்டு முற்றத்திலேயே விளைவித்துக்கொள்ள முடியும். மிதமான உடலுழைப்பும் மன அமைதியும் அதனுடன் சேர்ந்தே கிடைக்கின்றன.

ஆயினும், தோட்டத்தில் ஏற்பட்ட சிறு முள் காயம் ஆறாத கால்புண்ணாகி, அதன் பிறகே மருத்துவமனைக்கு வரும் நீரிழிவு நோயாளிகளும் உள்ளனர். ஆகவே, நிலத்தை அளப்பதற்கு முன் அதில் வேலை செய்யப் போகிறவரின் உடல்நிலையை அறிந்து, அதற்கேற்பத் தோட்டத்தை அமைக்க வேண்டும்.

மேட்டுப்பாத்தி என்றால் என்ன?

தரைமட்டத்துக்கு மேல் நான்கு புறமும் தடுப்பு எழுப்பி, உள்ளே வளமான மண் கலவையை நிரப்பி அமைக்கும் பாத்தியே மேட்டுப்பாத்தி ஆகும். குனிந்து நிமிர இயலாதவர்களுக்கும், மூட்டுவலி, முதுகுவலி உள்ளவர்களுக்கும், சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோருக்கும் இது ஏற்றது. மழைக்காலத்தில் நீர் தேங்காமல் வடிவதால் வேர் அழுகல் குறையும். வெறுங்காலுடன் மண்ணில் நிற்க வேண்டிய தேவையும் இராது.

பாத்தியின் அளவும் இடமும்

நாள்தோறும் குறைந்தது 6 மணி நேரம் வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவும். தண்ணீர்க் குழாய் அருகில் இருத்தல் நலம்; நிறைந்த வாளியைத் தூக்கி நடப்பது இதய நோயாளிகளுக்கும் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் உகந்ததன்று.

- அகலம்: இருபுறமும் நின்று வேலை செய்ய முடிந்தால் 4 அடி வரை, சுவரை ஒட்டி அமைத்தால் 2 அடி. பாத்திக்குள் கால் வைக்காமல் நடுப்பகுதியைக் கை எட்ட வேண்டும்.
- உயரம்: நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கு 1 அடி போதும். நாற்காலியில் அமர்ந்து வேலை செய்வோருக்கு 2 முதல் 2½ அடி வரை தேவைப்படும்.
- நடைபாதை: பாத்திகளுக்கிடையே 3 அடி. தரை சமமாகவும் வழுக்காததாகவும் இருக்க வேண்டும். பாசி படிந்த தரையில் முதியோர் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடும்.

தடுப்புக்குச் செங்கல், சிமெண்ட் கல், கருங்கல் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். உடைந்த கல்நார் கூரைத் தகடுகளைப் பயன்படுத்தக் கூடாது. அவற்றை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் நுண்ணிழைகள் நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பவை. பழைய வண்ணம் பூசிய மரப்பலகைகளில் ஈயம் இருக்கக்கூடும். இரசாயனம் வைத்திருந்த பீப்பாய்களையும் தவிர்க்கவும்.

மாடியில் அமைக்க விரும்பினால் ஒன்றை நினைவில் கொள்ளவும்: ஈரமான மண் ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 45 முதல் 50 கிலோ எடை கொண்டது. 6 அடி நீளமும் 3 அடி அகலமும் 1 அடி ஆழமும் உள்ள ஒரு பாத்தியே 800 கிலோவுக்கு மேல் கனக்கும். கட்டடப் பொறியாளரின் ஆலோசனையின்றி மாடியில் செங்கல் பாத்தி கட்ட வேண்டாம். அங்குத் தென்னைநார்க் கழிவு கலந்த வளர்ப்புப் பைகளே பொருத்தமானவை.

மண் கலவை

செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் 1 பங்கு என்ற கலவை பெரும்பாலான காய்கறிகளுக்குப் போதுமானது. உயரமான பாத்தியின் அடிப்பகுதியில் உடைந்த செங்கல், தேங்காய் மட்டை, காய்ந்த இலைகளை இட்டு, மேல் 1 அடிக்கு மட்டும் மண் கலவையை நிரப்பினால் செலவு குறையும். பச்சைச் சாணத்தையும் புதிய கோழி எருவையும் நேரடியாக இடக் கூடாது. குடலைத் தாக்கும் கிருமிகளும் புழு முட்டைகளும் அவற்றின் வழியே கீரையில் ஒட்டிக்கொள்ளும். குறைந்தது 3 மாதம் மக்கிய உரத்தையே பயன்படுத்தவும். குளியலறை, கழிப்பறைக் கழிவுநீரைக் காய்கறிப் பாத்திக்குப் பாய்ச்சக் கூடாது.

எதை முதலில் பயிரிடலாம்?

ஒரே ஒரு பாத்தியுடன் தொடங்கவும். சிறுகீரை விதைத்து 25 நாட்களுக்குள் அறுவடைக்கு வந்துவிடும். தொடக்கநிலையில் இருப்போருக்கு ஊக்கமளிக்கும் பயிர் இது. பாத்தியை மூன்றாகப் பிரித்து, 10 நாள் இடைவெளியில் ஒவ்வொரு பகுதியாக விதைத்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும். அடுத்து வெண்டை (சுமார் 45 நாட்களில் காய்க்கும்), கத்தரி, தக்காளி, மிளகாய், கொத்தவரை ஆகியவற்றைச் சேர்க்கலாம். பாகல், பீர்க்கு, புடல் கொடிகளைப் பாத்தியின் ஓரத்தில் நட்டுப் பந்தலில் ஏற்றலாம். ஆடி, தை ஆகிய பட்டங்கள் பெரும்பாலான காய்கறிகளுக்கு ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் விதைத்தால் விதைகள் அடித்துச் செல்லப்படும்.

பழ மரங்கள்

மரங்களை மேட்டுப்பாத்திக்குள் நட வேண்டாம். வேர்கள் தடுப்பைப் பிளந்துவிடும். வீட்டுச் சுவர், கிணறு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளித் தனிக் குழியில் நடவும்.

- பப்பாளி: 8 முதல் 10 மாதங்களில் காய்க்கத் தொடங்கும். சில இரகங்களில் ஆண் மரம் காய்ப்பதில்லை. எனவே ஒரு குழியில் 2 அல்லது 3 கன்றுகளை நட்டு, பூத்த பின் ஆண் மரத்தை நீக்கிவிடுவது வழக்கம்.
- கொய்யா: பதியன் கன்று நட்டால் 2 முதல் 3 ஆண்டுகளில் பலன் தரும். கிளைகளைக் கவாத்து செய்து, நின்றபடியே பறிக்கும் உயரத்தில் வைத்திருக்கவும்.
- முருங்கை: பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை ஆறேழு மாதங்களில் காய்க்கும். கிளைகள் எளிதில் முறிபவை. எவரும் ஏற வேண்டாம், தொரட்டியால் பறிக்கவும்.
- எலுமிச்சை: முள் உள்ளதால் நடைபாதையிலிருந்து விலக்கி நடவும். வெட்டிய கிளைகளை உடனே அப்புறப்படுத்தவும்.

உங்கள் நோய்க்கேற்ற பயிர்த் தேர்வு

*நீரிழிவு:* கீரைகளும், வெண்டை, கத்தரி, அவரை, பீர்க்கு போன்ற காய்களும் ஏற்றவை. கொய்யாவையும் பப்பாளியையும் சாறாக்காமல் துண்டுகளாக, மருத்துவர் கூறிய அளவில் உண்ணவும். பாகற்காய் உணவு மட்டுமே. மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் மாற்றாகாது. சுரைக்காய்ச் சாறு அருந்தும் பழக்கம் சிலரிடம் உள்ளது. கசக்கும் சுரைக்காயில் உள்ள நச்சுப்பொருள் கடும் வாந்தி, இரத்த வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவற்றை ஏற்படுத்தும், உயிரிழப்பும் நேர்ந்துள்ளது. சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்கவும். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடவும்.

*இரத்தசோகை:* முருங்கைக்கீரை, அரைக்கீரை ஆகியவற்றை வாரத்தில் பல நாட்கள் சேர்க்கவும். அதே உணவுடன் கொய்யா, நெல்லி, எலுமிச்சை சேர்ந்தால் அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். உணவை ஒட்டித் தேநீரோ காபியோ அருந்த வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரைகளை நிறுத்தக் கூடாது.

*நாட்பட்ட சிறுநீரக நோய்:* பொதுவாக நல்லவை எனக் கூறப்படும் கீரை, தக்காளி, முருங்கை, வாழைப்பழம், சப்போட்டா ஆகியவற்றில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் அதை வெளியேற்ற இயலாத நிலையில் இதயத் துடிப்பு பாதிக்கப்படும். எதை எவ்வளவு உண்ணலாம் என்பதை இரத்தப் பரிசோதனையின் அடிப்படையில் மருத்துவரே முடிவு செய்வார். அனுமதிக்கப்பட்ட காய்களையும் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் ஓரளவு குறையும். நட்சத்திரப்பழ மரத்தைச் சிறுநீரக நோயாளி உள்ள வீட்டில் நடவே வேண்டாம். அப்பழம் அவர்களுக்கு நீங்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, மரணம் வரை கொண்டுசெல்லக்கூடியது. அதன் இனத்தைச் சேர்ந்த பிலிம்பிக்காயின் சாறு, நலமாக இருந்தவர்களுக்கும் சிறுநீரகச் செயலிழப்பை ஏற்படுத்தியுள்ளது.

*இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை (வார்ஃபரின், அசினோகூமரால்) உட்கொள்வோர்:* கீரைகளில் உள்ள வைட்டமின் கே இம்மருந்துகளின் ஆற்றலைக் குறைக்கும். கீரையை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ணவும். தோட்டத்தில் கீரை மிகுதியாக விளைந்த வாரத்தில் திடீரென அளவைக் கூட்ட வேண்டாம். உணவுமுறை மாறினால் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ளவும்.

தோட்டத்தில் பாதுகாப்பு

காலை 10 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பின்போ வேலை செய்யவும். முதல் சில வாரங்களில் நாளொன்றுக்கு 15 முதல் 20 நிமிடங்கள் போதும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேலை செய்ய வேண்டாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் உடனே அமர்ந்து 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தவும். அதற்கான சர்க்கரையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கவும்.

மூடிய காலணியும் கையுறையும் கட்டாயம் அணியவும். மண்ணில் உள்ள கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்று, குடலில் இரத்தத்தை உறிஞ்சி இரத்தசோகையை உண்டாக்கும். நீரிழிவால் உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் தைத்தாலும் வலி தெரியாது. வேலை முடிந்ததும் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கையும் உள்ளங்காலையும் கண்ணாடி வைத்தோ பராமரிப்பாளரின் உதவியுடனோ பார்க்கவும். சிறு காயமானாலும் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டவும். மண்ணில் ரணஜன்னிக் கிருமியின் வித்துக்கள் இருப்பதால், தடுப்பூசி போட்டு 10 ஆண்டுகள் கடந்திருந்தால் மருத்துவரிடம் கேட்கவும்.

ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒருவகைக் கிருமி மெலியாய்டோசிஸ் என்னும் கடுமையான தொற்றை உண்டாக்கும். நீரிழிவு நோயாளிகளுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். காயத்துடன் மழைக்காலச் சேற்றில் இறங்க வேண்டாம். தோட்ட வேலைக்குப் பின் காய்ச்சல் நீடித்தால், மண்ணில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறவாமல் கூறவும். சரியான பரிசோதனையைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறுவோரும் மண்ணையும் மக்கிய உரத்தையும் கையாள வேண்டாம். உரம் கிளறும்போது பறக்கும் பூஞ்சை வித்துக்கள் நுரையீரலைத் தாக்கக்கூடும். பராமரிப்பாளர் வேலையைச் செய்ய, அவர்கள் விலகி அமர்ந்து துணையிருக்கலாம். அறுவடையை ஓடும் நீரில் கழுவி, நன்கு சமைத்தே அவர்களுக்குக் கொடுக்கவும்.

தொட்டித் தட்டுகளிலும் திறந்த வாளிகளிலும் நீர் தேங்க விடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய நீரில்தான் பெருகும். வாரம் ஒருமுறை பாத்திரங்களைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவவும். இலைக்குவியலை வீட்டை ஒட்டிச் சேர்க்க வேண்டாம். எலியும் பாம்பும் தங்கும். பாம்பு கடித்தால் கடித்த இடத்தைக் கீறவோ இறுகக் கட்டவோ கூடாது. நடக்க விடாமல் 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.

பூச்சிமருந்து குறித்து ஓர் எச்சரிக்கை

வீட்டுத் தோட்டத்துக்கு இரசாயனப் பூச்சிக்கொல்லி தேவையில்லை. 1 லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிப்பது போதுமானது. குழந்தைகளோ, நீண்டகால நோயால் மனம் தளர்ந்தவர்களோ உள்ள வீட்டில் பூச்சிக்கொல்லிப் புட்டி இருப்பதே ஆபத்து. வாங்கி வைக்க வேண்டாம். பழையது இருந்தால் உடனே அகற்றவும். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது உயிரைப் பறித்த தவறாகும். எவரேனும் அருந்திவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையவும்.

பராமரிப்பாளர்களுக்கு

தோட்டம் உங்கள் சுமையைக் கூட்டுவதாக ஆகிவிடக் கூடாது. குழி தோண்டுதல், மண் நிரப்புதல் ஆகிய கடின வேலைகளைக் குடும்பத்தினர் பகிர்ந்துகொள்ளவும். விதை பிரித்தல், நாற்றுக்கு நீர் தெளித்தல், கீரை ஆய்தல் போன்றவற்றை நோயாளியிடமே விட்டுவிடவும். நெடுநாள் படுக்கையில் இருந்தவருக்கு, தாம் விதைத்த கீரை மூன்றாம் நாள் முளைவிட்டதைக் காண்பது மறுநாள் எழுந்து அமர ஒரு காரணமாக அமையும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

தோட்ட வேலையின்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஏற்பட்டால் வேலையை நிறுத்தி 108 எண்ணை அழைக்கவும். ஆறாத காயம், பாதத்தில் நிறமாற்றம், சீழ், நீடித்த காய்ச்சல் ஆகியவற்றுக்குத் தாமதமின்றி அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லவும். பொது ஆலோசனைக்கு 104 எண்ணைத் தொடர்புகொள்ளலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் இல்லம் வரும் களப்பணியாளரிடம் தோட்டம் தொடங்கியதைத் தெரிவிக்கவும். தோட்டம் எவ்வளவு செழித்தாலும், மருத்துவர் கூறாமல் எந்த மருந்தையும் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.