பென்ஷன் புத்தகமும் வீட்டுச் சாவியும்

தர்மபுரி மாவட்டத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய் கை கால் இழந்தோ மனம் குலைந்தோ திரும்பியவருக்கு, முதல் கேள்வியே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடும்: பென்ஷன் உண்டா? உண்டென்றால் முன்னாள் படைவீரர் மருத்துவத்துக்கென 2003-இல் தொடங்கிய ஈசிஹெச்எஸ் திட்டத்தில் அட்டை கிடைக்கும். பாலிகிளினிக், அங்கீகரித்த மருத்துவமனை என்று சிகிச்சைக்கு வழி பிறக்கும். இல்லையென்றால், சில விதிவிலக்குகள் தவிர, அந்தக் கதவு திறக்காது.

அமெரிக்காவில் கேள்வி வேறு: இன்றிரவு எங்கே படுக்கிறாய்? அங்கே ஜனவரியில் ஓர் இரவு, வீடற்றவர்களைத் தெருத்தெருவாக எண்ணுகிறார்கள்; முன்னாள் படைவீரரா என்றும் கேட்கிறார்கள். 2010-இல் அந்தக் கணக்கு 74 ஆயிரத்தைத் தாண்டியது. 2024-இல் 32,882. 2008 முதல் விரிவாக்கப்பட்ட ஹட்-வாஷ் வாடகைச் சீட்டுத் திட்டம் இந்தக் குறைவுக்கு ஒரு முக்கியக் காரணம். வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைப் படைவீரர் வாடகையாகக் கொடுப்பார். மீதியை அரசு ஏற்கும். படைவீரர் நலத்துறையின் ஊழியர் ஒருவர் மருத்துவம், மனநலம், குடிப்பழக்கச் சிகிச்சை எல்லாவற்றுக்கும் கூடவே வருவார். குடியை நிறுத்தினால்தான் சாவி என்று யாரும் சொல்வதில்லை. முதலில் கூரை, பிறகு வைத்தியம்.

நம் பக்கம் கூரை என்பது குடும்பத்தின் பொறுப்பு என்றே அரசு நினைக்கிறது. 1978-இல் அமைந்த ராணுவ வீட்டுவசதி நிறுவனம் கட்டுவது வாங்குபவர் பணத்தில். தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. ஆனால் அது குடிசையில் இருப்பவருக்கு. குடிசையும் இல்லாமல் தர்மபுரி பேருந்து நிலையத்தில் படுப்பவர் எந்த விண்ணப்பத்தை நிரப்புவார்? முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டமோ முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க 1 கோடி வரை கடனும் 30 விழுக்காடு மூலதன மானியமும் தருகிறது. நல்ல திட்டம்தான், முகவரி உள்ளவருக்கு. தண்டுவடம் முறிந்தவர்களைத் தங்கவைத்துப் பார்க்கும் கிர்க்கி மறுவாழ்வு மையம் புனேயில் இருக்கிறது, 1974 முதல். பென்னாகரத்துக்காரர் அங்கே போனால் உறவுகளை விட்டுத்தான் போகவேண்டும்.

பென்ஷன் எப்படி நழுவுகிறது என்பதுதான் கவனிக்கவேண்டியது. மெடிக்கல் போர்டு, நோய் பணியால் வந்ததல்ல என்று எழுதிவிட்டால் ஊன ஓய்வூதியம் மறுக்கப்படும். சேரும்போது நல்ல உடலோடு சேர்ந்தவருக்கு வந்த நோய் பணியால் வந்ததென்றே கொள்ளவேண்டும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்ன பிறகும் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தீர்ப்பாயம் ஏறுகிறார்கள். பத்தாண்டு நிறையாமல் உடல்நலக் குறைவால் அனுப்பப்பட்டவர்களுக்கு முன்பு ஒருமுறைப் பணம் மட்டுமே. பிறகு அவர்களுக்கும் பென்ஷன் என்று விதி மாறியது; ஆனால் 2019 ஜனவரி 4-க்கு முன் வெளியேறியவர்களுக்கு அந்த மாற்றம் பொருந்தாது. ஹவில்தார் வரையிலான, பென்ஷனற்ற, 65 வயது கடந்த முன்னாள் படைவீரருக்கு மாதம் 4,000 ரூபாயாக இருந்த வறுமை உதவி 2025 நவம்பரில் 8,000 ஆனது. வாடகைக்கே அதில் பாதி போகும்.

அமெரிக்காவைக் கும்பிடவும் வேண்டாம். லாஸ் ஏஞ்சலிஸில் ஊனமுற்ற படைவீரர் இல்லத்துக்கென்று 1888-இல் தானமாக வந்த நிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் மைதானம் நிற்கிறது. வேலிக்கு வெளியே படைவீரர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். 1,800-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டச் சொல்லி 2024-இல் நீதிபதி டேவிட் கார்ட்டர் உத்தரவிட, அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. பணம் கொட்டும் நாட்டிலும் நிலம் கைமாறத்தான் செய்கிறது.

ஆனாலும் அங்கிருந்து எடுக்கவேண்டியது வாடகைச் சீட்டு அல்ல, அந்த ஜனவரி இரவின் எண்ணிக்கை என்பேன். 2011 கணக்கெடுப்பில் வீடற்றோர் நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம், அவர்களில் படைவீரர் யார் என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. பக்கத்துக் கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடு வீடாகப் போகிறது. வீடில்லாதவரிடம் எந்த வாசலில் போய் நிற்கும்? டிசம்பர் 7-இல் படைவீரர் கொடிநாள் வசூல் மட்டும் பள்ளி, அலுவலகம் எதையும் விடாமல் மாவட்டம் முழுக்கப் போய்வந்துவிடுகிறது.

இதற்கிடையே 2022-இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் நாலாண்டு முடித்து வெளியேறுபவர்களுக்கு பென்ஷனும் இல்லை, ஈசிஹெச்எஸ்ஸும் இல்லை. பணியில் ஊனமானால் அளவைப் பொறுத்து 15, 25, 44 லட்சம் என ஒருமுறைத் தொகை. இருபத்தைந்து வயதில் காலை இழந்தவர் அதை வைத்து எத்தனை வருஷம் வாடகை கொடுப்பார் என்ற கணக்கை, முதல் அணி வெளிவரும் முன்பே போட்டுப் பார்த்திருக்கவேண்டும்.