ஒரகடத்து வயலும் மகளோட பங்கும்

இஸ்லாத்துல ஆண் பெண் சமத்துவம்னு பேச்செடுத்தா, எல்லாரும் கடைசியில வந்து நிக்கிற இடம் இதுதான்: மகனுக்கு ரெண்டு பங்கு, மகளுக்கு ஒண்ணு, இதுவா சமத்துவம்? நியாயமான கேள்வி. ஆனா அந்த ஒரு பங்காவது கைக்கு வந்த சரித்திரத்தை யாரும் பேசறதில்லை.

குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் மகள், மனைவி, தாய் எல்லாருக்கும் பங்கு குறிக்குது. குடும்பச் செலவு ஆண் பொறுப்பு, மஹர் கொடுக்கறதும் அவன், பெண்ணோட சொத்து அவளுக்கே. அதனாலதான் பாதின்னு மார்க்க அறிஞர்கள் விளக்கம் சொல்றாங்க.

வெள்ளைக்காரன் காலத்துல நடந்தது வேற. பஞ்சாப் மாதிரி இடங்கள்ல ஊர் வழக்கம்னு சொல்லி மகளுக்கு அதுவும் கிடையாது. கோர்ட்டும் ஏத்துக்கிச்சு. முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் இதைக் கண்டிச்சாங்க. 1937ல ஷரீஅத் சட்டம் வந்துச்சு. அதுலயும் ஒரு ஓட்டை, விவசாய நிலத்துக்கு மட்டும் செல்லாது! 1935ஆம் வருஷ இந்திய அரசுச் சட்டப்படி நிலம் மாகாணங்களோட அதிகாரமாச்சே.

அந்த ஓட்டையை 1949லயே அடைச்சது நம்ம சென்னை மாகாணம். அதனால ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் ஒரு முஸ்லிம் 3 ஏக்கர் வயலை விட்டுட்டு இறந்து, வாரிசு ஒரு மகன், ஒரு மகள் மட்டும்னா, மகளுக்கு 1 ஏக்கர். ஒப்பிட்டுப் பாருங்க. இந்து மகளுக்கு அப்பாவோட சுயசம்பாத்தியத்துல சமபங்கு வந்தது 1956ல. பூர்வீகச் சொத்துல தமிழ்நாட்டுல 1989, நாடு முழுக்க 2005.

சட்டம் இருந்தா போதுமா? 1998ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் ஓட ஆரம்பிச்சுது, 2010ல ஒரகடத்துல ரெனோ - நிசான். வயலெல்லாம் பிளாட் ஆச்சு. இப்படி நிலம் விலை ஏறும்போதுதான் "அக்கா, ஒரு கையெழுத்து போடுக்கா"ன்னு விடுதலைப் பத்திரம் நீட்டுவாங்க. இதுல மட்டும் எல்லா மதமும் ஒண்ணு. மஹர் கொடுக்க வேண்டியவனே வரதட்சணை வாங்கற கூத்தும் நடக்குது.

இன்னிக்கு அதே ஃபேக்டரிகள்ல ஷிப்ட் பார்த்து வீட்டுச் செலவைத் தாங்கறதுல பொண்ணுங்களும் இருக்காங்க. பாதிக்குச் சொன்ன காரணம் அந்த வீடுகள்ல மாறிப்போச்சு. இதுக்கும் மார்க்கத்துக்குள்ளயே ஒரு வழி இருக்கு. உயிரோட இருக்கும்போதே ஹிபாவா, அதாவது தானமா, மகனுக்கும் மகளுக்கும் சமமா எழுதி வைக்கலாம். பிள்ளைகளுக்குக் கொடுக்கறதுல நீதமா இருங்கன்னு ஹதீஸே இருக்கு.

எத்தனை அப்பாக்கள் அப்படி எழுதறாங்க? உங்க பக்கத்து வழக்கம் என்ன, சொல்லுங்க மக்களே.