கடைத்தொழிலாளர் விடுப்புரிமையும் குடும்பமும்: திருவண்ணாமலையை முன்வைத்துச் சில குறிப்புகள்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலைச் சூழ்ந்த வீதிகளின் பொருளியல் வாழ்வு சிறு கடைகளையும் உணவகங்களையும் தங்கும் விடுதிகளையும் பெரிதும் சார்ந்தது. இங்குப் பணிபுரிவோரின் விடுப்புரிமை வரலாற்றை 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்திலிருந்து தொடங்குவதைவிட, 1947ஆம் ஆண்டின் சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலிருந்து தொடங்குவதே பொருந்தும். குறைந்தபட்சப் பணியாளர் எண்ணிக்கை எதனையும் வரையறுக்காமல் இயற்றப்பட்ட அச்சட்டம், ஒரே பணியாளர் உள்ள கடையையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது.

அதன் 25ஆம் பிரிவு, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஊதியத்துடன் 12 நாள் விடுமுறை அளிக்கிறது. நோய் அல்லது விபத்தின் பொருட்டு 12 நாளும், தக்க காரணத்தின் பொருட்டுத் தற்செயல் விடுப்பாக 12 நாளும் ஆண்டுதோறும் வழங்குகிறது. இங்குக் கவனிக்கத்தக்கது அப்பிரிவின் சொல்லமைப்பாகும். நோய் பணியாளருக்கே வந்திருக்க வேண்டும். தாயோ குழந்தையோ நோயுற்றால் அவர் தற்செயல் விடுப்பையே நாட வேண்டும்; அந்த 12 நாளும் தீர்ந்தபின் உரிமை என்று கோர ஏதுமில்லை, முதலாளியின் இசைவே எஞ்சும். நாட்கூலிக்கு நிற்பவரிடம் இந்த ஏற்பாடு நடைமுறையில் கூலி இழப்பாகவே முடிகிறது.

திருவிழாக்களை ஒட்டித் தற்காலிகமாக அமையும் சந்தைக் கடைகளுக்கு அச்சட்டமே விலக்களித்தது. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் பத்து நாள்களை நம்பி வாழும் ஓர் ஊரில் இவ்விலக்கைச் சிறு நுணுக்கமாகக் கருதிக் கடந்துவிட இயலாது. வேலை மிகுந்திருக்கும் நாள்களில் அமர்த்தப்படுபவரே சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

1993ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடும்ப மற்றும் மருத்துவ விடுப்புச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். அச்சட்டம் 12 வாரம் ஊதியமில்லா விடுப்பையே தருகிறது. தனியார் நிறுவனமாயின் 50 பணியாளர் இருத்தல் வேண்டும் என்றும் வரையறுக்கிறது. எனினும் பெற்றோர், வாழ்க்கைத்துணை, குழந்தை ஆகியோரின் கடும் நோயை விடுப்புக்குரிய காரணமாகப் பெயர் சுட்டி ஏற்கிறது. விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பும் உரிமையையும் காக்கிறது. சென்னைச் சட்டம் ஊதியத்தை அளித்தது, குடும்பத்தைப் பெயரிடவில்லை.

தமிழகத்தில் குடும்பம் விடுப்புச் சட்டத்துக்குள் நுழைந்தது மகப்பேற்றின் வழியாகவே எனலாம். பம்பாயின் 1929ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து, 1934இல் சென்னை மாகாணம் ஆலைப் பெண்தொழிலாளருக்கென மகப்பேறு நலச் சட்டம் இயற்றியது. 1961ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 12 வாரம் வழங்கியது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரு பேறுகளுக்கு அதனை 26 வாரமாக உயர்த்தியது. ஆனால் கடைகளைப் பொறுத்தவரை, 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பத்துப் பேர் பணிபுரியும் இடத்துக்கே அச்சட்டம் பொருந்தியது. தேரடியில் மூவர் பணிபுரியும் துணிக்கடை அதற்குள் வரவில்லை. அத்தகைய பெண்ணுக்கு அரசு தருவது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. 2018 முதல் அது ரூ.18,000. பேறுகாலத்தில் இழக்கும் கூலியை ஈடுசெய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. பணியிடத்தைக் காக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

அண்டை மாவட்டமான தருமபுரியைச் சேர்ந்த அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், மகப்பேறு விடுப்பு இனப்பெருக்க உரிமையோடு பிணைந்தது என உச்ச நீதிமன்றம் 23.05.2025 அன்று தீர்ப்பளித்தது. அவருக்கு விடுப்பு மறுக்கப்பட்டதற்கு எதிராக வழக்காட முடிந்தமைக்கு, அவர் பெயர் ஒரு பணிப்பதிவேட்டில் இருந்தது முதற்காரணம்.