கிணற்றின்மேல் எழுந்த ஊர்: யுகட்டானின் வயடோலிட்

மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தின் வடபகுதியில் ஆறுகள் இல்லை. மழை பெய்யாமல் இல்லை. பெய்த மழை தரையில் தங்குவதில்லை. நிலம் முழுவதும் சுண்ணாம்புப் பாறை. நீர் அதன் விரிசல்களில் இறங்கிப் பாறையைக் கரைத்துக் குகைகளாக்கி, நிலத்தடியிலேயே கடலை நோக்கி நகர்கிறது. குகையின் கூரை இடிந்து விழும் இடத்தில் அந்நீர் வானத்தைக் காண்கிறது. மாயா மக்கள் அதனை ‘த்சோனோட்’ என்றனர். ஸ்பானியர் நாவில் அது ‘செனோட்டே’ ஆயிற்று. இன்று உலகெங்கிலுமிருந்து வரும் பயணிகள் நீந்தி மகிழும் நீலக் கிணறுகள் இவையே.

இக்கிணறுகள் அனைத்தும் விண்கல் மோதியதால் தோன்றியவை என்று பயண நூல்கள் சில எழுதுகின்றன. அது பாதி உண்மை. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் சிக்சுலூப் என்னுமிடத்தில் விண்கல் மோதியதும், புதையுண்ட அப்பள்ளத்தின் விளிம்பையொட்டி மெரிதா நகரைச் சுற்றிச் செனோட்டேக்கள் வளையமாக அமைந்திருப்பதும் மெய். ஆனால் கிழக்கே உள்ள வயடோலிட் அவ்வளையத்துக்கு வெளியே இருக்கிறது. அங்குள்ள கிணறுகள் மழைநீரும் சுண்ணாம்புப் பாறையும் நெடுங்காலம் சேர்ந்து செய்த வேலை.

வயடோலிட் 50,000 பேருக்குச் சற்று அதிகமானோர் வாழும் ஊர். மேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் சிச்சென் இட்சாவும், வடக்கே அதைவிடக் குறைந்த தொலைவில் ஏக் பாலமும் உள்ளன. பெரும்பாலான பயணிகளுக்கு இது தங்கும் விடுதியும் இரவு உணவும் மட்டுமே. காலையில் இடிபாடு, நண்பகலில் செனோட்டே, மாலையில் திரும்புதல். ‘மறைந்துபோன மாயா நாகரிகம்’ என்ற சொற்றொடரோடு அவர்கள் வந்து, அதனோடே செல்கின்றனர். அச்சொற்றொடர் எவ்வளவு பிழையானது என்பதைச் சொல்லும் சான்றுகள் அந்த ஊரின் நீரிலேயே கிடக்கின்றன.

சிச்சென் இட்சா என்ற பெயரே நீரிலிருந்து வந்தது. ‘சி’ என்றால் வாய், ‘சென்’ என்றால் கிணறு. இட்சா மக்களின் கிணற்று வாய் என்பது பொருள். பிரமிடுக்கு வடக்கே சுமார் 60 மீட்டர் அகலமுள்ள ‘புனிதச் செனோட்டே’ இருக்கிறது. குடிநீருக்கு வேறு கிணறு இருந்தது. இது மழைக் கடவுளான சாக்குக்கு உரியது. வறட்சிக் காலத்தில் மனிதரை உயிரோடு இதில் எறிந்தனர் என்று 16ஆம் நூற்றாண்டில் எழுதியவர் பிரான்சிஸ்கன் துறவி தியேகோ தெ லாந்தா. 1562இல் மானி என்னும் ஊரில் மாயா ஏடுகளைத் தீயிலிட்டவரும் அவரே. மாயாக்களைப் பற்றி வரலாற்றாய்வாளர் பெரிதும் சார்ந்திருக்கும் குறிப்புகள், அவர்களது நூல்களை எரித்தவரின் கையால் எழுதப்பட்டவை. ஏடுகளில் நான்கே எஞ்சின.

லாந்தாவின் குறிப்பைப் படித்த எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கத் தூதர், இடிபாடுகள் அடங்கிய பண்ணையை விலைக்கு வாங்கி, 1904 முதல் அக்கிணற்றைத் தூர்வாரினார். பொன் தகடுகள், பச்சைக்கற்கள், செப்பு மணிகள், நறும்புகைக்கான கோபால் பிசின், எலும்புகள் எல்லாம் வெளிவந்து ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. மெக்சிகோ அரசு 1926இல் வழக்குத் தொடுத்தது. 1944இல் உச்ச நீதிமன்றம் தாம்சனின் வாரிசுகளுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. பிற்காலத்தில் அருங்காட்சியகம் ஒரு பகுதியை மட்டும் திருப்பித் தந்தது.

கன்னிப் பெண்களே பலியிடப்பட்டனர் என்ற கதையைத் தாம்சன் காலத்து எழுத்துகள் உலகெங்கும் பரப்பின. எலும்புகள் வேறு கதை சொல்கின்றன. கிணற்றில் கிடைத்தவற்றில் ஆண்களும் குழந்தைகளும் உண்டு. புனிதச் செனோட்டேக்கு அருகே 1967இல் ஒரு நிலத்தடி அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. அவர்களுள் 64 பேரின் மரபணுவை ஆராய்ந்த முடிவு 2024இல் வெளியாயிற்று. அனைவரும் ஆண் குழந்தைகள்; இரு இணைகள் ஒரே கருவில் பிறந்த இரட்டையர். அதே ஆய்வின் மற்றொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படவில்லை. இன்று யுகட்டானில் வாழும் மாயா சமூகத்தாரின் மரபணு, அக்குழந்தைகளின் மரபணுவோடு தொடர்ச்சி உடையது. மறைந்து போனவர் யாருமில்லை.

வயடோலிட்டுக்கு அருகே ஸ்பானியர் முதற்குடியேற்றம் அமைத்தது 1543இல். அந்த இடம் ஒத்துவராததால் 1545இல், சாசி என்ற மாயா ஊரின் மீது புதிய நகரை எழுப்பினர். சாசியின் கட்டடங்களைப் பெயர்த்த கற்கள் தேவாலயத்துக்குப் பயன்பட்டன. சாசியின் செனோட்டே இன்றும் நகரின் நடுவே அதே பெயரில் இருக்கிறது. மறு ஆண்டே கிழக்குப் பகுதி மாயாக்கள் கிளர்ந்தெழுந்து நகரைத் தாக்கினர். அது அடக்கப்பட்டபின், 1552இல் சான் பெர்னார்டினோ மடத்தின் கட்டுமானம் தொடங்கியது. மடம் எழுந்த இடமும் ஒரு செனோட்டேயின் மேலேதான். குளிர்ந்த நீர் என்ற பொருளில் ‘சிஸ் ஹா’ என்று மாயாக்கள் அழைத்த அக்கிணற்றின்மேல் துறவியர் கல் மண்டபம் கட்டி, அந்நீரால் தம் தோட்டத்தை வளர்த்தனர்.

முந்நூறு ஆண்டுகள் கழித்து அக்கிணறு மற்றொரு சுமையை ஏற்றது. மெக்சிகோ விடுதலை பெற்றபின் கரும்புத் தோட்டங்கள் பெருகின. பொதுக்காடுகளும் அவற்றிலிருந்த நீர்நிலைகளும் தனியார் வேலிக்குள் சென்றன. வரியும் தேவாலயக் கட்டணமும் குறையவில்லை. 1847 ஜூலை 26 அன்று, கிளர்ச்சிக்குச் சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டி, சிச்சிமிலாவின் தலைவர் மானுவேல் அந்தோனியோ ஐ என்பவரை வயடோலிட்டில் கொன்றனர். நான்கு நாளில் தெபிச்சில் போர் மூண்டது. 1848 மார்ச்சில் நகரம் மாயாக்களின் கையில் விழுந்தது. எதிர்த்தரப்பு அப்போருக்கு ‘காஸ்தாக்களின் போர்’ என்று பெயரிட்டது. ஐபீரிய மொழிகளின் அந்த ‘காஸ்தா’ என்ற சொல்லையே போர்த்துகீசியர் இந்தியாவுக்கும் கொண்டுவந்து, இங்கிருந்த சமூகப் பிரிவுகளின்மேல் ஏற்றினர். நிலமும் நீரும் பறிபோனதால் எழுந்த போர், பெயரளவில் பிறப்பின் போராகப் பதிவாயிற்று.

மடத்துச் செனோட்டேயில் முக்குளித்த தொல்லியலாளர், நூற்றுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளையும் ஒரு பீரங்கியையும் அடியில் கண்டனர். அவை அப்போர்க் காலத்தவை எனக் கருதப்படுகிறது. வடக்கே பின்னடைந்த மாயாக்கள் 1850இல் தென்கிழக்குக் காட்டில், ஒரு சிறு செனோட்டேயின் ஓரத்து மரத்தில் கண்ட சிலுவை தம்மிடம் பேசியதாக நம்பி, அங்கே சான் சாந்தா குரூஸ் என்ற தலைநகரை அமைத்தனர். மெக்சிகோ படை அதனைக் கைப்பற்ற 1901 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மழைக் கடவுளின் வாயாக இருந்த கிணற்றோரம், அரை நூற்றாண்டுக்கு ஒரு சுயாட்சியின் பிறப்பிடமாகவும் இருந்தது.

2020 கணக்கெடுப்பின்படி மெக்சிகோவில் யுகட்டெக் மாயா மொழி பேசுவோர் 7,70,000க்கும் மேற்பட்டோர். வயடோலிட்டின் சந்தையில் காய்கறி விற்கும் பெண்ணும், செனோட்டே வாசலில் நுழைவுச்சீட்டுக் கிழிப்பவரும் பெரும்பாலும் அவர்களே. 2012இல் அரசு இவ்வூரை ‘மந்திர ஊர்கள்’ பட்டியலில் சேர்த்தது. 2023 இறுதியில் ‘மாயா ரயில்’ ஓடத் தொடங்கியது. அதன் கான்கூன் – துலூம் பகுதியில் உயர்பாதைக்கான எஃகுத் தூண்கள் குகைகளின் கூரையைத் துளைத்து இறங்கின. ஓமுன் என்ற ஊரின் மாயாக்கள், பெரும் பன்றிப் பண்ணையின் கழிவு தம் செனோட்டேக்களில் கலக்கும் என்று வழக்காடி, 2018இல் அதற்கு இடைக்காலத் தடை பெற்றனர்.

அவர்களது அச்சத்தின் காரணம் எளியது. சுண்ணாம்புப் பாறை நீரை வடிகட்டுவதில்லை. அப்படியே உள்ளே விடுகிறது. பண்ணைக் கழிவும் விடுதிச் சாக்கடையும் நீந்துவோர் உடலில் பூசிய களிம்பும் ஒரே நீரில் சேர்கின்றன. குகைகள் ஒன்றோடொன்று இணைந்தவை. துலூமுக்கு அருகே நீரில் மூழ்கிய சாக் அக்துன் குகைத்தொடர் 347 கி.மீ. நீளமுடையது என 2018இல் அளவிடப்பட்டது. ஓரிடத்தில் இறங்கியது வேறோர் ஊரின் குடத்தில் ஏறும். செனோட்டேயில் இறங்குமுன் குளித்துவிட்டு வருமாறு காவலர் கேட்பது அதனால்தான். பயணிக்கு அது நீச்சல் குளம். அதைக் கேட்பவருக்கு அது அவர் வீட்டுக் குடிநீர்.