கறுப்பாய் இருப்பதெல்லாம் ஒரே மண்ணா? - செர்னோசெம் சொல்லும் வரலாறு

1891-ஆம் ஆண்டு ரஷ்யாவில் ஒரு பெரும் பஞ்சம் வந்தது. முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே மழை ஏமாற்றிவிட்டது. குளிர்காலத்தில் பயிரைப் போர்த்திக் காக்க வேண்டிய பனியும் போதுமான அளவு விழவில்லை. வசந்தத்தில் வறண்ட காற்று வீசி இருந்த ஈரத்தையும் உறிஞ்சிவிட்டது. சமாரா, சரத்தோவ், கசான், தம்போவ், வரோனேஷ் என்று மாகாணம் மாகாணமாக விளைச்சல் கருகியது. பசியோடு காலராவும் டைஃபஸ் காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, சுமார் 4 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. எழுத்தாளர் டால்ஸ்டாய் ரியாசான் மாகாணக் கிராமங்களில் கஞ்சித்தொட்டி திறந்தது இந்தப் பஞ்சத்தின் போதுதான்.

இதில் வேதனையான வேடிக்கை ஒன்று உண்டு. பஞ்சம் மிகக் கடுமையாக இருந்த இடங்களில் பெரும்பகுதி, உலகிலேயே வளமானது என்று பெயர் பெற்ற மண் கிடக்கும் இடங்கள்! அந்த மண்ணின் பெயர் செர்னோசெம். ரஷ்ய மொழியில் 'கறுப்பு மண்' என்று பொருள். ஆய்வகத்தில் பரிசோதித்தால் சத்துக்குக் குறைவே இல்லாத மண். அதன் மேல் வாழ்ந்தவர்கள் எப்படிப் பட்டினி கிடந்தார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதியானவர் அப்போது ரஷ்யாவில் ஒருவர் இருந்தார். அவர் பெயர் வசீலி டொகுச்சாயேவ். பஞ்சத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே அந்த மண்ணை அவர் ஆராயத் தொடங்கியிருந்தார்.

கடலா? சதுப்பா? புல்லா?

செர்னோசெம் எப்படி உருவானது என்பதில் அறிஞர்களுக்குள் நீண்ட காலம் சண்டை இருந்தது. மக்கிப்போன தாவரங்களும் விலங்குகளுமே காரணம் என்று 1763-இலேயே லமனோசவ் எழுதினார். ஆனால் பின்னர் வந்த சிலர், இது பழைய கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற சேறு என்றார்கள். வேறு சிலர், சதுப்பு நிலங்கள் வற்றியதால் வந்தது என்றார்கள். 1866-இல் ருப்ரெஹ்ட் என்ற தாவரவியலாளர், புல்வெளித் தாவரங்களே இதற்குக் காரணம் என்று வாதிட்டார்.

அந்தக் காலத்தில் மண்ணைப் பார்த்த பார்வையே இரண்டாகப் பிரிந்திருந்தது. புவியியலாளர்களுக்கு மண் என்பது பாறை உடைந்த தூள். லீபிக் வழிவந்த வேதியியலாளர்களுக்கு மண் என்பது பயிருக்கு வேண்டிய தாதுச் சத்துகளைச் சேர்த்து வைத்த கிடங்கு. இரண்டு தரப்புமே மண்ணை ஒரு பொருளாகப் பார்த்தன. அதற்கென்று ஒரு பிறப்பும் வளர்ச்சியும் இருக்கும் என்று யோசித்தவர்கள் மிகக் குறைவு.

1870-களில் வறட்சி திரும்பத் திரும்ப வந்தது. அதனால் 1765-இல் தொடங்கப்பட்ட தடையற்ற பொருளாதாரச் சங்கம் என்ற பழமையான அமைப்பு, கறுப்பு மண்ணை முறையாக ஆராய முடிவு செய்தது. அந்தப் பணி டொகுச்சாயேவுக்கு வந்தது. அவர் 1846-இல் ஸ்மோலென்ஸ்க் மாகாணக் கிராமம் ஒன்றில் பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். சமயக் கல்வியை விட்டுவிட்டு பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் படித்தவர்.

பத்தாயிரம் கிலோமீட்டர் பயணம்

1877, 1878 ஆகிய இரண்டு ஆண்டுகளின் கோடைகாலங்களில் டொகுச்சாயேவ் கறுப்பு மண் பிரதேசத்தில் சுமார் 10,000 கிலோமீட்டர் சுற்றினார். போகும் இடமெல்லாம் குழி தோண்டினார். மேல்மண்ணை மட்டும் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்துவிடவில்லை. மேலிருந்து அடிப்பாறை வரைக்கும் மண்ணின் வெட்டுமுகத்தைப் பார்த்தார். மேலே கறுத்த மட்கு அடுக்கு, நடுவில் நிறம் மங்கும் இடைநிலை அடுக்கு, அடியில் மாறாத மூலப்பொருள் என்று அடுக்கு அடுக்காகக் குறித்தார். மண்ணியல் மாணவர்கள் இன்றும் எழுதும் ஏ, பி, சி அடுக்குகள் இப்படித்தான் வழக்கத்துக்கு வந்தன.

இந்தக் குழிகளே பழைய கொள்கைகளைக் கவிழ்த்துவிட்டன. சுண்ணாம்புப் பாறை மேலும் செர்னோசெம் இருந்தது. களிப்பாறை மேலும் இருந்தது. காற்று கொண்டுவந்து குவித்த லோயஸ் என்ற மென்வண்டல் மேலும் இருந்தது. ஆனால் அதே போன்ற வண்டல், வடக்கே காடு இருக்கும் இடத்தில் வெளிறிய மண்ணைத் தாங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் பாறை மட்டும் மண்ணைத் தீர்மானிப்பதில்லை. கடல் விட்டுச்சென்ற சேறு என்றால் மேடு பள்ளம் பார்க்காமல், மட்கு படிப்படியாகக் குறையும் இந்த ஒழுங்கு எப்படி வரும்?

ஆய்வகம் சொன்னது

கொண்டுவந்த மாதிரிகள் ஆய்வகங்களுக்குப் போயின. டோர்பாட் நகரத்து வேதியியலாளர் கார்ல் ஷ்மிட் செர்னோசெம் மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்தவர்களில் முக்கியமானவர். கல்லூரி ஆய்வகங்களில் இன்று டைகுரோமேட் கரைசலைக் கொண்டு கரிமத்தை அளக்கும் வாக்லி-பிளாக் முறை 1934-இல்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு மாதிரியும் நிறைய உழைப்பைக் கேட்டது.

முடிவு எண்களாக வந்தது. சில இடங்களில் மட்கு 4 சதவீதம், சில இடங்களில் 10, சில இடங்களில் 16 வரை. எண்களை அட்டவணையாக மட்டும் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். டொகுச்சாயேவ் அவற்றை வரைபடத்தில் வைத்தார். ஒரே அளவு மட்கு உள்ள இடங்களைச் சேர்த்தபோது, பட்டை பட்டையாக ஒரு வடிவம் தெரிந்தது. மட்கு அதிகமான பட்டைகள் வோல்கா ஆற்றை ஒட்டியும் அதற்குக் கிழக்கேயும் இருந்தன. அங்கிருந்து வடமேற்கே போனாலும் குறைந்தது, தென்கிழக்கே போனாலும் குறைந்தது.

வானிலையும் நிலமும் சேர்ந்தபோது

அந்தப் பட்டைகளை வானிலைத் தகவல்களோடு ஒப்பிட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. வடக்கே ஈரம் அதிகம், காடு வளர்கிறது. மழைநீர் மண்ணின் சத்துகளைக் கழுவிக் கீழே இறக்கிவிடுகிறது. தெற்கே வறட்சி அதிகம், புல் சரியாக வளர்வதில்லை, மட்காகச் சேர்வதற்குச் சரக்கே இல்லை. நடுவில் இருக்கும் ஸ்டெப்பி புல்வெளியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 400 முதல் 550 மில்லிமீட்டர் மழைதான். வசந்தத்தில் பனி உருகியதும் புல் செழித்து வளர்கிறது. கோடை வறட்சியில் மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிவிடுகின்றன. குளிர்காலத்தில் மண்ணே உறைந்துவிடுகிறது. ஆக, ஆண்டுதோறும் வேர்கள் மடிந்து சேர்கின்றன, ஆனால் முழுவதும் சிதைவதற்கு நேரம் கிடைப்பதில்லை. மண்ணில் இருக்கும் சுண்ணாம்பு அந்த மட்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. செர்னோசெம்மின் கறுப்பு இதுதான்.

நில அமைப்பும் தன் பங்கைச் செய்தது. சமதளமான மேட்டு நிலத்தில் கறுப்பு அடுக்கு தடிமனாக இருந்தது. சரிவில் மெலிந்தது. வயதும் முக்கியம். ஸ்தாராயா லாடகா என்ற பழைய கோட்டையின் சிதைந்த கற்சுவர் மேல் சில நூற்றாண்டுகளில் எவ்வளவு மண் உருவாகியிருக்கிறது என்றுகூட அவர் ஆராய்ந்தார்!

1883-இல் 'ரஷ்ய செர்னோசெம்' என்ற நூல் வெளிவந்தது. அதுவே அவரது முனைவர் பட்ட ஆய்வு. அதைச் சோதித்துக் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் தனிம அட்டவணை தந்த மெண்டலீவ். தட்பவெப்பம், உயிரினங்கள், மூலப்பாறை, நில அமைப்பு, காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்து உருவாக்கும் தனி இயற்கைப் பொருளே மண் என்பதுதான் டொகுச்சாயேவ் நிறுவிய கருத்து. இதை வைத்தே 1882 முதல் 1886 வரை நீஷ்னி நோவ்கரத் மாகாணத்தில் நிலவரியை நியாயமாக நிர்ணயிக்க மண் ஆய்வு நடந்தது. மட்கின் சதவீதம் ஒரு விவசாயியின் வரியைத் தொடும் விஷயமாகிவிட்டது.

எதிர்ப்பும் இருந்தது

எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பாவெல் கஸ்திச்செவ் என்ற வேளாண் அறிஞர் 1886-இல் எழுதிய நூலில், தட்பவெப்பத்துக்கு டொகுச்சாயேவ் அதிக இடம் கொடுத்துவிட்டார் என்றார். புல்லின் வேர், மூலப்பொருளில் உள்ள களி, சுண்ணாம்பு ஆகியவற்றையும் சமமாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். இன்னொன்றையும் அவர் கவனித்தார். உழப்படாத ஸ்டெப்பி மண் சிறு சிறு மணிகளாக இருக்கும். தண்ணீர் அதில் எளிதாக இறங்கும். தொடர்ந்து உழுதால் அந்த மணிகள் உடைந்து தூளாகிவிடும். பிறகு தண்ணீர் உள்ளே போகாமல் மேலேயே ஓடிவிடும்.

1891-இன் புதிருக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது.

பஞ்சத்துக்கு மண் சொன்ன பதில்

1892-இல் டொகுச்சாயேவ் 'நமது ஸ்டெப்பிகள் அன்றும் இன்றும்' என்ற நூலை வெளியிட்டார். அதன் வருமானம் பஞ்சத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒதுக்கப்பட்டது. மண்ணில் சத்து தீர்ந்துவிடவில்லை, மண்ணுக்குத் தண்ணீர் சேரும் வழிதான் கெட்டுவிட்டது என்பது அதன் சாரம். புல்வெளி உழப்பட்டதால் பனியைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. காடுகள் வெட்டப்பட்டன. ஓடைகள் அரித்துப் பெரும் பள்ளங்களாகி, நிலத்தடி நீரை வடித்துவிடுகின்றன. மட்கு 10 சதவீதம் இருந்து என்ன பயன்? ஈரம் இல்லையே!

அதே ஆண்டு வனத்துறையின் சிறப்பு ஆய்வுக் குழு ஒன்று அவர் தலைமையில் அமைந்தது. வரோனேஷ் மாகாணத்தில் கமென்னயா ஸ்டெப்பி என்ற இடத்தில் காற்றைத் தடுக்கும் மர வரிசைகளை நட்டார்கள், குளங்கள் வெட்டினார்கள். எவ்வளவு நிலம் உழவுக்கு, எவ்வளவு புல்லுக்கு, எவ்வளவு மரத்துக்கு என்று கணக்குப் பார்த்தார்கள். டொகுச்சாயேவ் முழு வெற்றியைப் பார்க்கவில்லை. 1897-இல் மனைவி இறந்தார். உடல்நலம் சீர்கெட்டு 1903-இல் அவரும் காலமானார். ஆனால் கமென்னயா ஸ்டெப்பியில் நட்ட மர வரிசைகள் ஒரு நூற்றாண்டைத் தாண்டியும் நின்றன.

அமெரிக்காவில் ஹில்கார்ட் என்பவரும் மண்ணுக்கும் தட்பவெப்பத்துக்கும் உள்ள உறவைத் தனியாகவே கண்டுபிடித்து 1892-இல் எழுதினார். ரஷ்யக் கருத்துகள் கிளிங்கா ஜெர்மன் மொழியில் எழுதிய நூல் வழியாக வெளியே வந்தன. அதை மார்பட் 1927-இல் ஆங்கிலத்தில் தந்தார். 1941-இல் ஹான்ஸ் ஜென்னி ஐந்து காரணிகளையும் ஒரு சமன்பாடாக எழுதினார்.

நம்ம ஊர் கரிசலும் செர்னோசெம்தானா?

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள் இந்தியாவின் கறுப்புப் பருத்தி மண்ணைப் பார்த்ததும் செர்னோசெம்மோடு ஒப்பிட்டார்கள். நிறம் ஒன்று, இரண்டும் வளமானவை, அப்புறம் என்ன?

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலை எடுத்துக்கொண்டு அதே மூன்று கேள்விகளைக் கேட்டால் பதில் மாறிவிடுகிறது. ஆய்வகம்: கரிமம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழே, ஆனால் களி ஏறக்குறைய பாதி. அந்தக் களியும் தண்ணீர் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் வகை. களியோடு இறுகப் பிணைந்த கொஞ்சம் மட்கே மண்ணை இப்படிக் கறுப்பாகக் காட்டிவிடுகிறது. வானிலை: மண் உறையும் குளிர்காலமே கிடையாது. வெயிலில் மட்கு வேகமாகச் சிதைகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் உப்புகிறது, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. மேல்மண் வெடிப்புக்குள் விழ, மண் தன்னைத் தானே புரட்டிக்கொள்கிறது. நில அமைப்பு: தென்னிந்தியாவின் பல இடங்களில் மேட்டில் செம்மண்ணும் பள்ளத்தில் கரிசலும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. தக்காணத்தில் எரிமலைப் பாறை மேல் கரிசல். தமிழ்நாட்டிலோ நைஸ் பாறை மேலும் கரிசல். பாறை மட்டும் தீர்மானிப்பதில்லை என்ற பாடம் இங்கேயும் பொருந்துகிறது!

இன்றைய வகைப்பாட்டில் செர்னோசெம் ஒரு பிரிவு. கரிசல் வெர்டிசால் என்ற வேறொரு பிரிவு. இது பெயர் விவகாரம் மட்டுமல்ல. செர்னோசெம்மில் மட்கையும் மண் மணிகளையும் பனியையும் காக்க வேண்டும். கரிசலில் மழை நின்றபின் களி பிடித்து வைத்திருக்கும் ஈரத்தைக் கணக்குப் பார்த்து விதைக்க வேண்டும். ஒன்றின் வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்தால் நஷ்டம் விவசாயிக்குத்தான்.

ஒரு மண்ணில் என்ன இருக்கிறது என்று ஆய்வகம் சொல்லும். அது ஏன் அங்கே இருக்கிறது என்று வானிலையும் நிலமும் சொல்லும். முதல் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1891-ஆம் ஆண்டே சாட்சி. அன்று பசியால் வாடியவர்களின் காலடியில் கிடந்தது உலகின் மிக வளமான மண்.